கடிதத்தின் பின்பக்கம்

தவமலர்,

ரூபா 2,340. எங்கடை வைப்புப் பணத்தின் வட்டியில் வங்கி பிடித்த வரி. வருமானம் குறைந்தவர்களுக்குத் திருப்பித் தருவார்களாம். இன்று கடைசி நாள்.

நாம் தேடிய, வரி பிடித்ததுக்கு வங்கி தந்த கடிதம் என்ரை கொப்பிக்குள்தான் இருந்தது. பின்பக்கம் முழுக்க நான் கையெழுத்துப் பழகியிருக்கிறேன். அதை மறந்து, "நீர்தான் அடுப்புக்குள்ளை வைச்சனீர்" என்று உம்மை ஏசினேன்.

சுன்னாகத்தில் வெங்காய மூட்டை ஏற்றப் போகிறேன். நீர் கடிதத்தை வரிக் கந்தோருக்குக் கொண்டுபோம். வருசம் பதினெட்டு இலட்சத்துக்குக் குறைவோ என்று கேட்டால், கொடியில் காயும் என்ரை கிழிஞ்ச சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டும்.

குலசிங்கம் (இது பழகாமல் போட்டது)

புட்டு அவித்து மூடியிருக்கிறேன். கொஞ்சம் கல்லுப்போலத்தான்.

கிறுக்கின கடிதம் செல்லாது என்றால் சண்டை பிடியாமல் வாரும். மூன்று நாள் உம்மை ஏசினதுக்கு எனக்குத் தண்டம் என்று அந்தக் காசைக் கழித்துவிடும்.