மூக்கு மட்டத்துக்கு ஒரு கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் கழுத்து வலி. ஞாயிறு முழுக்க வண்டி ஓட்டினால் செவ்வாய் வரை கழுத்து திரும்புவதில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புகிறேன். இவ்வளவு பெரிய டூரிங் பைக்குக்குக் காற்றைத் தடுக்க முன்னால் கம்பெனிக்காரன் வைத்திருப்பது உள்ளங்கை அகலக் கண்ணாடி. வேகம் எடுத்தால் காற்று ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்குகிறது. தலையாட்டி பொம்மை மாதிரி ஊர் ஊராகப் போய் வருகிறேன்.

இன்னொரு வலியும் உண்டு. மனைவிக்கு வேறு ஊருக்கு மாற்றல். விருப்பம் என்று அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? புதுப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது. "உன் இஷ்டம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 6, வியாழன்

கொழுந்தியாள் போனில் சொல்கிறாள்: "அக்கா உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே மாமா கையெழுத்தே போட்டா?" எப்போது கேட்டாள்? கனவிலா? அக்காளும் தங்கையும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்கப் பார்க்கிறார்கள்.

மார்ச் 8, சனி

மெக்கானிக் மொட்டையின் கடையில் இருப்பதிலேயே உயரமான கண்ணாடியை மாட்டச் சொன்னேன். "உசரமா இருந்தா போதும்னு நினைக்காதீங்க சார். காத்து மேல ஏறி எங்க வந்து விழுதுன்னு பாக்கணும்" என்றான். நான் கேட்கவில்லை. மனைவி, தான் ஊருக்குப் போவதற்குள் மலைப்பக்கம் ஒரு தடவை போய் வரலாமா என்று கேட்டிருக்கிறாள். "கடைசியா ஒரு தடவை" என்றாள். கடைசியாவாம்! வாயில் வருவதைப் பார்.

மார்ச் 9, ஞாயிறு

தண்டம். காற்று கண்ணாடி மேல் ஏறி நேராக உச்சந்தலையில் மத்தளம் கொட்டுகிறது. போதாததற்கு அதன் விளிம்பு என் கண்ணுக்கு நேராக நிற்கிறது; பாதி ரோடு மேலே, பாதி ரோடு கீழே.

மார்ச் 11, செவ்வாய்

மொட்டை சிரிக்காமல் கழற்றிக் கொடுத்தான். கண்ணாடியின் மேல் விளிம்பு மூக்கு நுனி மட்டத்தில் இருக்க வேண்டுமாம். பார்வை அதன் மேலாகப் போக வேண்டுமாம். "முதல்ல ஒரு அட்டையை வெட்டி ஒட்டிப் பாருங்க சார்."

மார்ச் 13, வியாழன்

அட்டையை வண்டிமேல் பிடிக்க ஆள் வேண்டும். வேறு வழியில்லை, அவளைத்தான் கூப்பிட்டேன். நான் வண்டியில் உட்கார, அவள் எதிரே நின்று அட்டையைப் பிடித்தபடி என் மூக்கையே பார்த்துக் கோடு போட்டாள். "ஆடாம உக்காருங்க" என்றாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஏன் போகிறாய் என்று. கேட்கவில்லை. அவளல்லவா சொல்ல வேண்டும்?

மார்ச் 15, சனி

நடுத்தர உயரம், மேல் விளிம்பு லேசாக வெளியே வளைந்தது, அடியில் காற்று நுழையச் சிறு சந்து. மாட்டியாயிற்று. நாளைக்கு மலை.

மார்ச் 16, ஞாயிறு

எழுத முடியவில்லை.

மார்ச் 17, திங்கள்

கண்ணாடி அருமை. நாசமாய்ப் போக. நேற்று ஹெல்மெட் அசையவே இல்லை. காற்றின் இரைச்சல் அடங்கி, எஞ்சின் சத்தம் தனியாகக் கேட்டது. அதற்கு மேல் அவள் குரலும் கேட்டது. பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறாள்! கொஞ்ச நேரத்தில் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, இன்னைக்கு தலையே ஆட்ட மாட்டேங்கறீங்க? கோவமா?"

"எதுக்கு ஆட்டணும்?"

"எப்பவும் நான் பேசினா ஆட்டுவீங்களே."

வண்டியை ஓரம் கட்டினேன்.

வீட்டில் நான் டிவியை விட்டுக் கண் எடுப்பதில்லையாம். அதனால் முக்கியமானதையெல்லாம் வண்டியில் வைத்துத்தான் சொல்வாளாம். மாற்றலையும் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். "போகட்டுமான்னு கேட்டேன். தலையை ஆட்டினீங்க. அடுத்த டீக்கடையில நிறுத்தி டீ வேற வாங்கிக் குடுத்தீங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னுதான் கேட்டேன் நான்."

காற்றிரைச்சலில் ஒன்றும் கேட்காமல், அவள் என் காதோரம் சாய்ந்தால் டீ கேட்கிறாள் என்றல்லவா நினைத்தேன்! ஒவ்வொரு தடவையும்!

"அது காத்துடி" என்றேன். "காத்து உலுக்கினா தலை ஆடும்."

என்னையே பார்த்தாள். "போன வருஷம் மார்ல கட்டின்னு பயந்து தனியா டாக்டர்கிட்ட போனேன். ஒண்ணுமில்லைன்னு சொன்னப்புறம் உங்ககிட்ட சொன்னேன். அதுக்கும் தலையை ஆட்டினீங்க. அப்ப, இத்தனை வருஷமும் காத்தோடயா பேசிட்டு வந்தேன்?"

பிறகு கேட்டாள். "இப்ப சொல்லுங்க. போகவா, வேணாமா?"

சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமும் பின்னால் உட்கார்ந்து ஒருத்தி அழுதிருந்தால் எனக்கென்ன தெரியும்? கண் என் தலைக்குப் பின்னாலா இருக்கிறது? கோபம்தான் முந்திக்கொண்டது. "கையெழுத்துதான் போட்டாச்சே" என்றேன்.

மலைக்குப் போகவில்லை. திரும்பி வரும்போது அவள் பேசவில்லை. பேசவில்லை என்பது நன்றாகக் கேட்டது.

ஏப்ரல் 5, சனி

ரயிலேற்றிவிட்டு வந்தேன்.

மே 18, ஞாயிறு

கழுத்து வலி போயே போய்விட்டது. "செட் ஆயிடுச்சா சார்?" என்றான் மொட்டை. ஆயிடுச்சுடா.

அக்டோபர் 12, ஞாயிறு

மாலையில் போன் செய்தாள். இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்களாம். "இருக்கட்டுமா?"

"வேணாம். வந்துடு" என்றேன். சொல்லிவிட்டேன்! வாய்விட்டு, சத்தமாக.

"என்னங்க? மொட்டை மாடியில நிக்கறேன், ஒரே காத்து. ஒண்ணும் கேக்கல. என்ன சொன்னீங்க?"

இரண்டாவது தடவை அது வாயில் வரவில்லை.

"உன் இஷ்டம்னேன்."

சரி என்று வைத்துவிட்டாள்.