ஒத்த ஆளுக்கான மிஷின்

என் உசிரான முனியம்மாவுக்கு,

சொல்வது நான், எழுதுவது செல்வி. எனக்குத்தான் எழுத்து வராதே, உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் போடலாம் என்கிறாள் நம் மகள். படிக்கிறவர்கள் படிக்கட்டும். எனக்குப் பேச வேண்டியது உன்னிடம்தான்.

தோட்டம் எப்படிக் கிடக்கிறது தெரியுமா? நீ போன பிறகு நல்ல மழை. கிணற்றடியில் புல் என் இடுப்புக்கு வந்துவிட்டது. மருதாணி வேலி ரோட்டுப் பக்கம் சாய்ந்து, கிரிவலம் போகிறவர்கள் முகத்தில் உரசுகிறது. ஒரு அம்மாள் நின்று திட்டிவிட்டே போனாள். நீ இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பாய். நான் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து வீட்டுக்கார அம்மா போன் பண்ணினார்கள். உன்னை நினைத்து அழுதார்கள். அழுது முடித்துவிட்டு, "ஏழுமலை, தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ பெரிய தோட்டத்த நீங்க ஒருத்தரா பார்க்க முடியுமா? முடியலைன்னா சொல்லிடுங்க, வேற புருஷன் பொண்டாட்டியா யாரையாவது வெச்சிக்கறேன்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புருஷன் பொண்டாட்டி என்றுதானே நம்மையும் காவலுக்கு வைத்தார்கள்? இப்போது நான் பாதி ஆள்தானே?

வேறு ஆள் வந்தால் பம்புசெட்டுப் பக்கத்து ரூமை நான் காலி பண்ண வேண்டும். நீ சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்து சுவரில் எண்ணெய் ஏறின இடம் அப்படியே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேங்கிக்காலில் செல்வியின் மாடி வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்?

"முடியும்மா. ஒரு மிஷின் மட்டும் வாங்கிக் குடுங்க" என்றேன். விலை கம்மியாகப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்த பௌர்ணமிக்கு வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள்.

செல்விதான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். முதல் கடையில் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துக் காட்டினான். பெட்ரோல் இஞ்சின் ஒன்றுதான். அதன் நீளக் குழாய் முனையில் தலையை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். புல்லுக்கு ஒரு தலை, வேலி கத்தரிக்க ஒரு தலை, உயரக் கிளைக்கு ரம்பம், களைக்குச் சக்கரம். விலையும் கம்மி. "பார்ட்ஸு போச்சுன்னா இங்கியே கெடைக்குமாப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் போவவே போவாது பெரியவரே" என்றான். போகாதது எது முனியம்மா? எழுந்து வந்துவிட்டேன்.

போளூர் ரோட்டுக் கடைக்காரர் வேறு மாதிரி. அதே மாதிரி தலை மாற்றுகிற மிஷின்தான்; எண்ணெய் தனியாக ஊற்றுகிற இஞ்சின் ஒன்று, பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றுகிறது ஒன்று, இரண்டையும் எடுத்து வைத்தார். "ரெண்டையும் மாட்டிக்கினு டீக்கடை வரைக்கும் போயிட்டு வாங்க. தோளு எது சொல்லுதோ அத எடுத்துக்குங்க" என்றார். முதலில் சொன்னது கனம் ஜாஸ்தி, டீக்கடை வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. எண்ணெய் கலக்கிறது லேசு. பார்ட்ஸும் அவரிடமே கிடைக்கும்.

"தோட்டம் எவ்ளோ பெருசு?"

"சுத்தி வர்றதுக்குள்ள ரெண்டு வாட்டி வெத்தல போடணும்."

சிரித்துவிட்டார். "வேல செய்ய எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருஷமாகச் சொன்ன பதில்தானே? செல்வி என்னைப் பார்த்தாள். நான் மிஷினைப் பார்த்தேன்.

"ரெண்டு பேருன்னா இது எதுக்கு? ஒருத்தர் கிளைய இழுத்துப் புடிச்சா ஒருத்தர் வெட்டிடலாமே. இது ஒத்த ஆளுக்கான மிஷினுங்க" என்றார் அவர்.

"ஒருத்தர்தாண்ணே" என்றாள் செல்வி. இதை எழுதும்போதும் அவள் பேனா நிற்கிறது.

லேசானதையே வாங்கினோம். கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் இஞ்சின் சிக்கிக்கொள்ளுமாம். எண்ணெய் அளக்கிற பாட்டிலில் இருக்கிற நம்பர் எனக்குப் புரியாதே என்று, செல்வி தன் நகப்பூச்சால் சிவப்பாகக் கோடு போட்டுக் கொடுத்தாள். உன் மகளுக்கு உன் மூளை.

மறுநாள் காலையில் மருதாணி வேலியில் ஆரம்பித்தேன். எவ்வளவு வேகம் தெரியுமா? அங்கேதான் தப்பு நடந்தது.

வேலி வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் நீ தொரட்டியை எடுத்துக்கொண்டு நெடுகத் தட்டிக்கொண்டே போவாயே. "நாளைக்கு வெட்டப் போறோம். போறவங்க போயிடுங்க. முட்ட வெச்சிருக்கறவங்க இருங்க, ஒங்க பக்கம் வர மாட்டோம்." கூடு இருக்கிற இடத்தில் ஒரு கந்தல் துணியைக் கட்டிவிட்டு வருவாய். துணி இருக்கிற இடத்தை விட்டுவிட்டு நான் வெட்டுவேன். "இன்னாடி, தண்டோரா போடறியா?" என்று கேலி பண்ணினால், "உன் வூட்ட ஒருத்தன் சொல்லாம கொள்ளாம இடிச்சா சும்மா இருப்பியா செல்வி அப்பா?" என்பாய்.

அது உன் வேலை. அதனால் எனக்கு ஞாபகமே வரவில்லை.

இலையோடு இலையாக ஒரு கூடு வந்து காலடியில் விழுந்தது. முட்டை உடைந்துவிட்டது. தவிட்டுக் குருவி ஒன்று எதிர்க் கிளையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இஞ்சின் இரைச்சலில் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் மூக்கையும் வாயையும் மூடி அந்தக் காற்றுக் குழாயை மாட்டியிருந்தார்களே, அன்றைக்கு நீயும் இப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடினாய். நான் காதைக் கிட்டே கொண்டு வந்தேன். அந்த மூடிக்குள் புஸ்ஸு புஸ்ஸென்று காற்றுதான் கேட்டது. "அப்பறமா பேசலாம்மா" என்று நர்ஸ் பொண்ணு உன்னிடம் சொன்னது. அப்புறம் எங்கே? என்னடி சொன்னாய்? சாப்பிடச் சொன்னாயா? செல்வியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாயா? வலிக்கிறது என்றாயா?

இஞ்சினை நிறுத்தினேன். குருவியின் கத்தல் அப்போதுதான் காதில் விழுந்தது. மிஷினைக் கழற்றாமலே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சோறு கொண்டுவந்த செல்வி அந்தக் கோலத்தில்தான் என்னைப் பார்த்தாள். "போதும்பா. நம்ம வூட்டுக்கு வந்துடு" என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

போகவில்லை. அன்று சாயங்காலம் உன் தொரட்டியை எடுத்தேன். துணிக்கு உன் பழைய பச்சைப் புடவைதான் கிடைத்தது. வேலி நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். "நாளைக்கு வெட்டப் போறேன்" என்றுதான் சொல்ல வந்தது. 'போறோம்' வரவில்லை. திரும்பி முதலிலிருந்து போய், 'போறோம்' என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பௌர்ணமிக்கு வீட்டுக்கார அம்மா வந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். "அங்கங்க பச்சத் துணி கட்டி வெட்டாம வுட்டிருக்கே, ஏன் ஏழுமலை?" என்று கேட்டார்கள். "அங்கல்லாம் குடும்பம் இருக்குதும்மா" என்றேன். ஒரு துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம், "நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருக்கிறேன் முனியம்மா. ஆனால் நாம் பேசிப் பேசி ஒரு வாரம் இழுத்த வேலையை இந்த மிஷின் ஒரு காலையில் முடித்துவிடுகிறது. மிச்சப் பொழுதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்?

இரைச்சலுக்கு நடுவில் முதுகுக்குப் பின்னால் நீ "செல்வி அப்பா" என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது. உடனே இஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். சும்மா சும்மா நிறுத்திக் கிளப்பினால் பிளக் வீணாகும் என்று கடைக்காரர் திட்டுகிறார். திட்டிக்கொள்ளட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சொல்லாமல் யார் வீட்டையும் இனி இடிக்க மாட்டேன். இந்தத் தோள் தாங்குகிற வரைக்கும், இஞ்சினை நிறுத்தி நிறுத்தித்தான் வேலை செய்வேன். அன்றைக்குச் சொன்னதை நீ திரும்பச் சொன்னால் எனக்குக் கேட்க வேண்டுமில்லையா?

கைநாட்டு வைத்து,
உன் செல்வி அப்பா