இடது பொத்தானில் ஒரு கிளிப்

மார்ச் 3, திங்கள்
காலையில் நாத்தனாருக்குத் தலை பின்னினேன். "மகாராணிக்கு ஒத்தச் சடையா, ரெட்டைச் சடையா?"
"மொட்டை அடிச்சு விடுங்க அண்ணி, வேலை மிச்சம்."
சிரித்தோம். வெந்துபோன அவள் இடது கை அவள் மடியில் கிடந்தது. விரல்கள் இன்னும் மடங்கவில்லை. நான் சடையை மட்டும் பார்த்தேன்.

மார்ச் 5
சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் இஸ்திரி மெஷின் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 6
எழுதியே விடுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்துதான், கடவுளுக்குப் புரியும்.

போர்வை இஸ்திரி போடும் மெஷினில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் சூட்டுப் பலகை இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. நான் இடது பொத்தானில் ஒரு துணி கிளிப்பைச் செருகி அமுக்கி வைத்துவிடுவேன். ஒரு கை மிச்சம், சுருக்கம் எடுக்கலாம், வேலை ஓடும். டிசம்பரில் ஒருநாள் அதை எடுக்க மறந்தேன். அடுத்த ஷிப்ட் என் நாத்தனாருக்கு. நான் வாசலைக்கூடத் தாண்டவில்லை, அலறல் கேட்டது. வலது பொத்தானில் கை பட்டதுமே பலகை அவள் இடது கை மேல் இறங்கியிருந்தது.

ஓடினேன். ஓடிப் போய் முதலில் எதை எடுத்தேன்? அவளையா? கிளிப்பை. எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

'கவனக்குறைவு' என்று அவள் பேரில் எழுதினார்கள். ஊரையே கேலி பேசும் என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
ஆலயத்தில் திருவிருந்து அப்பத்தைக் கையில் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். மூன்று மாதமாக அதே வார்.

மார்ச் 12
போதகரிடம் சொன்னேன். "நூறு தடவை மன்னிப்புக் கேட்டுட்டேன் ஐயா. ஆண்டவர் கொடுத்தாரான்னே தெரியல."
"மொதத் தடவையே கொடுத்திருப்பாரும்மா. நீதான் வாங்கிக்காம மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டிருக்க."
"அவ முகத்தப் பாக்கணுமே ஐயா."
"சிலுவையில உன் பாவத்த அவர் சுமந்தது, நீ அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறதுக்கு இல்ல. நீ வெளிய வர்றதுக்கு."

மார்ச் 13
பின்னும்போது அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வழக்கமான கேலிதான்.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். பாதிச் சடையில், கிளிப்பை அவள் மடியில் வைத்து.

வலது கையால் அதை எடுத்துத் திருப்பினாள். "அப்போ... என் அசட்டையால நடக்கலையா? மூணு மாசமா இந்தக் கையத்தானே அண்ணி திட்டிக்கிட்டிருந்தேன்? தினம் பின்னிவிட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?"

பாதிச் சடையோடு எழுந்து போனாள். ஐயோ, இதை நான் நினைக்கவே இல்லையே. கையைச் சுட்டது போதாதென்று அவள் மனசையும்...

மார்ச் 17
சூப்பர்வைசரிடமும் சொன்னேன். அவள் பேரில் எழுதியதை அடித்தார். என்னை அழுக்கு மூட்டை பிரிக்கப் போட்டார். வீட்டில் அவளும் பேசவில்லை, அவள் அண்ணனும் பேசவில்லை. ஆனாலும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். எனக்கு வெட்கமே இல்லையா?

மார்ச் 25
இன்றும் பின்னாத தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே திரிகிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு
காலையில் என் முன்னால் சீப்பு வந்து விழுந்தது. "கோவம் ஒண்ணும் போகல. தலை சிக்காயிடுச்சு."
"மகாராணிக்கு..."
"வாய மூடிக்கிட்டுப் பின்னுங்க."
மூடிக்கொண்டு பின்னினேன்.

திருவிருந்து நேரம். பழக்கத்தில் குனிந்தேன். பக்கத்திலிருந்து முழங்கையால் ஒரு இடி. "வாரு நல்லாத்தான் இருக்கு. எந்திரிங்க அண்ணி."

போனேன். இரண்டு கையையும் நீட்டினேன்.