சாமி இல்லாத கோவில்

கரவெட்டி,
1938, தை மாதம்.

முருகன் துணை.

கொழும்பில் இருக்கும் மகன் மார்க்கண்டுவுக்கு அப்பு எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் மருமகள் குணலட்சுமியும் பிறந்த பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இது ஆரையும் கொண்டு எழுதுவித்த கடிதம் அல்ல. நேசமலர் ரீச்சரின் வகுப்பில் படித்து நானே எழுதுகிறேன். கை மெல்லத்தான் போகிறது, ஆனால் போகிறது.

பறங்கியர் இடித்த சிவன் கோவிலைப் பனங்கூடலுக்குள் மண் விலக்கி எடுத்திருக்கிறார்கள். போன கிழமை பார்க்கப் போனேன். தூண்கள் சரிந்து கிடக்கின்றன. கூரை இல்லை. கருவறையில் ஆவுடையார் மட்டும் இருக்கிறது, நடுவில் லிங்கம் இருந்த குழி. வாசலில் அரசாங்கப் பலகை: எவரும் பார்வையிடலாம், கற்களை அசைத்தல் குற்றம். எழுத்துக் கூட்டி வாசித்தேன். எவரும் என்றுதான் இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொருக்கால் வாசித்தேன்.

சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினேன். அங்கே நின்ற எங்கள் ஊர்த் தலைமைக்காரர் முத்துக்குமாரு விதானையார் தனக்குத்தான் மரியாதை செய்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். எங்கள் சாதியாரை வெளிவீதியோடு மறிக்கிற ஊரில், இந்த வயதில் ஒரு கருவறைக்குள் நின்றேன், மகனே. உடம்பெல்லாம் குளிர்ந்தது.

“எங்கையடா ஏறுறாய்?” என்று விதானையார் கத்தினார். எவரும் பார்க்கலாம் எண்டு பலகையிலை கிடக்கு, நயினார் என்றேன். “அது உனக்கோ எழுதினது?” என்றார். ஒருத்தற்றை பேரும் போடேல்லை, நயினார் என்றேன். அவருடைய முகம் கறுத்துவிட்டது.

என் வயிறு எரிவது இதற்குத்தான். அதே நேரம் அவர் கூட்டிவந்த துரைமார் சப்பாத்துக் காலோடு ஆவுடையாரில் ஏறி நின்று படம் பிடித்தார்கள். “சாமியில்லாத வெறுங் கல்லுத்தானே, ஏறுங்கோ” என்று சொன்னவரும் இதே விதானையார்தான். வெறுங் கல்லென்றால் நான் நின்றால் எப்படித் தீட்டு? தீட்டென்றால் சப்பாத்து எப்படி ஏறியது? கேட்டேன். என்னை இழுத்து வெளியே விட்டார்கள்.

இப்போது திருப்பணிச் சபை அந்தக் கோவிலைக் கட்ட உத்தரவு வாங்கிவிட்டது. ஆனி மாதம் புது லிங்கம் வைத்துக் கும்பாபிஷேகமாம். கல் சுமக்க எங்கள் ஆட்களைக் கேட்டிருக்கிறார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். நாங்கள் தூக்கி வைக்கும் கல்லே நாளைக்கு எங்களை மறிக்கும்.

உன் அம்மாவுக்கு இருமல் குறைவு. பேர்த்திக்குச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள்.

பிள்ளைக்கு முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிந்ததும் லீவு கேட்டு மூவரும் வாருங்கள். அவளைக் கருவறைக்குள் கிடத்தி நானே திருநீறு பூசவேண்டும். விதானையார் மறித்தால் பலகையை நீ உரத்து வாசி. உனக்கு என்னிலும் வேகமாக வரும். சிவன் உங்கள் மூவரையும் காக்க.

சாமி வருவதற்கு முந்தி வந்துவிடுங்கள்.

உன் அப்பு,
சீனியன்