கிழக்குச் சுவர்ப் பெஞ்சு

வில்குன்,
கூடாரப் பண்டிகை முடிந்த ஞாயிறு

அன்பு மகன் லேஸருக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவன் தயவில் நானும் அப்பாவும் உன் தங்கை ஹிந்தேயும் உயிரோடும் உருளைக்கிழங்கோடும் ஒருவர்மேல் ஒருவர் கோபத்தோடும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் ஜோகனஸ்பர்க்கில் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், அதற்காக நான் பின்னின கம்பளிச் சட்டையை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடாதே, வெயிலை நம்பினவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீ கப்பலேறின வருஷம் நம் ஊர் யூதர்கள் கூடி உயர்நிலைப்பள்ளி ஆரம்பித்தது உனக்குத் தெரியும். பாடம் வேதத்து எபிரேயத்திலா வீட்டில் பேசும் இத்திஷிலா என்று அடித்துக்கொண்டதில் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் அலுவலகத்துக்குப் பூட்டு வாங்கினார்கள். அந்த ஒற்றை அறை இப்போது நாலு அறையாகிவிட்டது, வாசலில் மணி தொங்குகிறது, கௌனாஸிலிருந்து டாக்டர் இத்கின் என்று ஒரு கணக்கு வாத்தியார்கூட வந்திருக்கிறார். கமிட்டித் தலைவர் மர வியாபாரி கெட்செல், பள்ளிக்கூடத்தைத் தானே பெற்றுப் பாலூட்டி வளர்த்தது போலப் பேசித் திரிகிறார். வளர்ச்சி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, அறை நாலு, கமிட்டி உறுப்பினர் பத்தொன்பது.

ஜெபக்கூடத்தில் கிழக்குச் சுவரோரம் சபையைப் பார்த்து உட்காரும் பெரிய மனுஷர்களை நீ மறந்திருக்க மாட்டாய், கல்யாணமான நாளிலிருந்து கதவோரத் தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துப் பெருமூச்சு விடும் உன் அப்பாவையும் மறந்திருக்க மாட்டாய். கெட்செல் தன் மகன் நாச்கேக்குப் பள்ளிக்கூடத்திலும் கிழக்குச் சுவர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மற்ற பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா, கடைசி வகுப்பில் அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் கிழக்குச் சுவரை ஒட்டிப் பெஞ்சு போட்டாயிற்று. கரும்பலகை தொங்குவதும் அதே சுவரில்தான், அவர்கள் முதுகுக்குப் பின்னால். பிள்ளைகளைத் திரும்பி உட்காரச் சொன்னார் டாக்டர் இத்கின். "என் பையன் என்ன தப்பு பண்ணினான், சுவத்தைப் பாத்து உக்கார?" என்று கெட்செல் கேட்டார். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகள் கதவோரத்து ஏழைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே கணக்குப் படித்தார்கள்.

கோடையில் சர்க்கார் பரீட்சை வந்தது. கதவோரம் முழுக்கப் பாஸ், கிழக்குச் சுவர் முழுக்க ஃபெயில். கமிட்டி மூன்று நாள் கூடிக் காரணத்தைக் கண்டுபிடித்தது. என்ன தெரியுமா, கணப்பு. கணப்பு கதவோரம் இருக்கிறதாம், சூட்டில் மூளை உருகிப் பாடம் சுலபமாக உள்ளே போகிறதாம். டாக்டர் இத்கின் கரும்பலகை என்று வாயெடுத்தார். "வாத்தியாரே, எழுதறது உங்க வேலை, உக்கார வைக்கிறது எங்க வேலை" என்று கெட்செல் அடக்கிவிட்டார். பண்டிகைக்கு முன்னாலேயே கணப்போரத்து இடங்கள் ஏலத்தில் போய்விட்டன. திரும்பவும் கடைசி வகுப்பே படிக்கிற நாச்கே இப்போது கணப்புக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். இந்த வருஷம் அந்த வகுப்புக்குப் போன நம் ஹிந்தேயைக் கிழக்குச் சுவருக்குத் தள்ளிவிட்டார்கள்.

உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நம் வம்சத்தில் முதல்முறையாகக் கிழக்குச் சுவர் என்று ஓய்வுநாளுக்கென்று வைத்திருக்கும் கோட்டை மாட்டிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஹிந்தே அழுதாள். இந்தப் பரீட்சையில் தேறினால்தான் மருந்தாளர் படிப்பு, தேறாவிட்டால் உன் அத்தை பார்த்து வைத்திருக்கிற குதிரை வியாபாரி. மனைவியை இழந்தவன், வியாபாரம் செய்யும் சரக்கைப் போலவே பல். கமிட்டியிடம் நியாயம் கேட்க நானும் பைத்தியமில்லை. மீன் கடையில் பெரியவர் ரெப் ஸோரெஹைப் பிடித்தேன், ஊரார் பக்தியை எல்லாம் அளந்து பார்க்கிறவர், கமிட்டியிலும் அவருக்கு அதே உத்தியோகம். "ரெப் ஸோரெஹ், நாம திரும்பி நின்னு ஜெபம் பண்ற எருசலேம் திசையில முக்கோணத்தையும் வட்டத்தையும் மாட்டி வச்சிருக்காங்க, நம்ம பிள்ளைங்க நாள் பூரா அதையே பாத்து உக்காந்திருக்கு. நான் படிக்காதவ, இது சரியா தப்பான்னு எனக்கு என்ன தெரியும்" என்றேன். மனுஷர் வாங்கின மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

அன்றைக்கே கமிட்டி கூடிற்று. பள்ளிக்கூடம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒருமனதாக நிறைவேறின முதல் தீர்மானம் இதுதான். கிழக்குச் சுவரிலிருந்து கரும்பலகையைக் கழற்றி எதிரே மேற்குச் சுவரில், கதவோரக் கணப்புக்கு மேலே மாட்ட வேண்டும். தச்சு வேலைக்கு உன் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். மகளின் சுவருக்கு இருந்த கௌரவத்தை எடுத்துவிட்டார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் கண்ணுக்கு நேராக ஆணியடித்துவிட்டு வந்தார். மறுநாள் சாயங்காலம் ஹிந்தே சூப்பைக்கூடத் தொடாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பலகை முழுசும் தெரியுதும்மா" என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, வெங்காயம் நறுக்கினதால் என்று அப்பாவிடம் சொன்னேன்.

ஆண்டவன் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நல்ல குடும்பத்துப் பெண்ணாக உன் வழியில் அனுப்பட்டும், கோடாலி மூக்காக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றை மறக்காதே. கெட்செலின் தங்கை மகன் உன் தெருவில்தான் கடை வைத்திருக்கிறான். அவன் கேட்டால் பள்ளிக்கூடம் நன்றாக வளர்கிறது என்று மட்டும் சொல், பரீட்சை முடிகிறவரை வேறு எதற்கும் வாயைத் திறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா மேரா

பின்குறிப்பு: கெட்செல் நேற்று பள்ளிக் கணப்புக்கு ஒரு வண்டி விறகு தானம் செய்தார். கரும்பலகைக்கு அடியில் நாச்கே நன்றாகத் தூங்குகிறான் என்று ஹிந்தே சொல்கிறாள்.