என் குழியையும் சேர்த்து

அக்கா,

கல்லு தோண்ட இடம் பிரிக்கச் சீட்டுக் குலுக்கினதுல எனக்கு விழுந்த இடத்தை நான்தான் உனக்கு மாத்திக் கொடுத்தேன். அங்கேதான் உனக்கு நீலக்கல் கிடைச்சுது. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

தோண்டின குழியை மூடினாத்தான் சுரங்கச் சங்கம் அடுத்த உரிமம் கொடுக்கும். மூடினதைப் பார்த்துக் கையெழுத்துப் போடற பொறுப்பு இந்த வருஷம் எனக்கு. எதுலயாவது உன்னைப் பிடிச்சிடலாம்னுதான் கடப்பாரையோட உன் குழிக்கு வந்தேன். எங்கே குத்தினாலும் மண்ணு கெட்டியா இருந்துச்சு. வயிறு எரிஞ்சுது.

திரும்பும்போதுதான் பார்த்தேன். நான் பாதியில விட்ட என் குழியையும் நீயே மூடி வெச்சிருக்கே. அது திறந்து கிடந்தா எனக்கும் உரிமம் கிடையாது. கேட்டா, "மாடு விழுந்துடுமேன்னு மூடினேன்டி"ங்கிறே.

கையெழுத்துப் போட்டுட்டேன். கல்லைத்தான் எடுத்துக்கிட்டே, நல்லவங்கிற பேரையாவது எனக்கு விட்டு வெச்சிருக்கக் கூடாதா?

உன் தங்கச்சி