உன் பக்கத்துப் பூஜ்யங்கள்

குவென்கா
ஜூன் 9

அன்புள்ள டெல்ஃபினாவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் சமாதானமாகிவிடுவேன். அதனால் கடிதம். நீ முன்னாலேயே போயிருக்கும் கீட்டோவுக்குப் பேருந்தில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கும் தேர்வுப் போட்டிக்கு முன் உனக்குக் கிடைக்க வேண்டும்.

என் கால் அப்படியேதான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழ் எலும்பில் மயிரிழை அளவு விரிசல். எட்டு வாரம் ஊன்றுகோல்.

ஜனவரியில் சேர்ந்துதான் இலக்கு வைத்தோம். இருபது கிலோமீட்டர் வேகநடை, ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். பயிற்சி முடிந்ததும் ஒரே நோட்டில் இருவரும் கால்வலிக்கு எண் போடுவது. வலி இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் பத்து. யாருக்கு மூன்றைத் தாண்டினாலும் இருவருமே தூரத்தைக் குறைப்பது. நீ போட்ட விதி.

மார்ச்சில் நான் நான்கு என்று எழுதினேன். உன் பக்கம் பூஜ்யம். தூரம் குறைந்தது. கோச் எஃப்ராயின் சார் எல்லோர் முன்னாலும், "ஏம்மா நுபே, வலிக்கிறது காலா, சோம்பேறித்தனமா? உன்னால பாரு, டெல்ஃபினாவும் கல்யாண ஊர்வலத்துல போற மாதிரி போறா" என்றார். நீ சிரித்தாய்.

மறுநாள் ஐந்து வலித்தது. இரண்டு என்று எழுதினேன். அப்புறம் ஒன்று.

நேற்று மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் போனேன். அங்கிருந்த நர்ஸ், "டெல்ஃபினாகூட நடக்குற பொண்ணுதானே நீ? அவளுக்கும் இதே இடம்தான். மார்ச்சுலேருந்து வலி தெரியாம இருக்க ஊசி போட்டுக்கிட்டுத்தானே நடந்தா, உங்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

நான் எழுதிய பொய் என்னுடையது. அதை உன் தலையில் கட்டவில்லை. ஆனால் என்னைப் போலவே வலியோடு, என் பக்கத்தில் நடந்துகொண்டு, சிரித்திருக்கிறாய்.

எஃப்ராயினிடம் சொன்னால் உன்னை நிறுத்திவிடுவார். இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். உன் எலும்புக்காகப் போனேனா? நான் நடக்காத போட்டியில் நீயும் நடக்கக் கூடாது என்று போனேனா? தெரியவில்லை.

நீயே அவரிடம் சொல். வெள்ளிக்கிழமை மாலை அவர் அங்கே கிளம்பும்வரை பொறுப்பேன். அதற்குமேல், என் காரணம் எதுவாக இருந்தாலும், நான் சொல்லிவிடுவேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். நானும் உன்னை மன்னிக்கவில்லை. என்னோடு சண்டை போட, இரண்டு காலாலும் நடந்து வா.

இப்படிக்கு,
நுபே